அஜ்மானில் ரஷ்யமொழி படித்தேன்

ஷார்ஜா விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் முகத்தில் வந்து அடித்த சூட்டை, பக்கத்தில் நிற்கும் ஏதோ பஸ்ஸின் இன்ஜின் சூடு என்று நினைத்து இரண்டடி நகர்ந்து நின்றேன். நகர்ந்த இடத்திலும் அதே சூடு. இன்னும் இரண்டடி நகர்ந்தேன்.

"எங்க தள்ளி நின்னாலும் அப்படித்தான்த்தா இருக்கும். வா."

முகத்தைப் பார்க்கும் முன்பே குரல் தெரிந்துவிட்டது. அம்மாவின் குரலோடுதான் நான் வளர்ந்தேன். அப்பா இறந்த அடுத்த வருஷம், எனக்கு ஏழு வயதில், அம்மா என்னைக் கோயம்புத்தூரில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வளைகுடாவுக்கு வந்தார். முதலில் மனாமா நகரில், குதைபியா என்ற பகுதியில் ஒரு குடும்பத்தில் வீட்டு வேலை. பிறகு அஜ்மானில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. பதினாறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது.

இந்தத் தடவை நான் வந்திருந்தேன். ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டியிருந்தது.

கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது நான் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தேன். அதைப் போனில் சொன்னபோது அம்மா, "நல்லா சாப்புடுறியா?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் சபையிலிருந்து வந்த கடிதத்தைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு மாதம் ஊழியம் செய்ய என்னை அழைத்திருந்தார்கள். ஊர், கஜகஸ்தானில் அல்மாத்தி. மொழி, ரஷ்யன். பயிற்சி மையத்துக்குப் போகும் முன் இணையத்தில் மொழி வகுப்பு. அந்த வகுப்பை எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம் என்றார்கள். அம்மாவின் அறையிலிருந்து படிக்கிறேன் என்றேன்.

அம்மாவுக்குத் தெரிந்தது வேறு கணக்கு. வருகிற நவம்பரில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருகிறார். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் கட்டிய வீட்டில் நானும் அவரும் சேர்ந்து இருக்கப் போகிறோம்.

அறை மூன்றாவது மாடியில். இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலில் ஓயாமல் உறுமும் ஏசி. நடுவில் கயிறு கட்டிப் பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் கிர்கிஸ்தான் பெண் ஒருத்தி இருந்தாள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பரிமாறுகிற வேலை. பெயர் ஜில்தீஸ். அம்மா நான்கு வருஷமாக அவளை ஜில்லு என்று கூப்பிடுகிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

"நல்ல புள்ள. ஆனா ஒண்ணும் பேச மாட்டா" என்றார் அம்மா.

பேச மாட்டாள் என்பது சரியில்லை என்று முதல் நாளே புரிந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. "ஜில்லு, டுடே டூட்டி?" "டூட்டி மாஃபி." "கானா?" "கலாஸ், கலாஸ்." மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது. நான்கு வருஷம் இதே பத்துச் சொற்களில் ஒரு அறையைப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா டம்ளரோடு நின்றிருந்தார். ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய டீ. எங்கள் சபையில் டீயும் காபியும் குடிப்பதில்லை. ஊரில் இதைச் சொல்வது எனக்குப் பழகிப்போன காரியம். அம்மாவிடம் சொல்வது அப்படி இல்லை.

"குடிக்கிறதில்லம்மா."

"சூடா இருக்கா?"

"இல்லம்மா. டீயே குடிக்கிறதில்ல. சபைல."

அம்மா டம்ளரைப் பார்த்தார். மகளுக்குக் காலையில் டீ போட்டுக் கொடுப்பதை அவர் எத்தனை நாள் மனசில் போட்டுப் பார்த்திருந்தாரோ. "அப்ப பாலு குடிப்பியா?" என்று கேட்டார். குடிப்பேன் என்றேன். டீயை அவரே குடித்துவிட்டு, பால் வாங்க மாடி இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, லீவு. அம்மா மீன் குழம்பு வைத்தார். ஊர்ப் புளி, ஊர் மிளகாய்த்தூள், மீன் மட்டும் இந்த ஊர்க்கடலுடையது. சாப்பிட்டு முடித்த கையோடு சொல்லிவிட்டேன்.

"கஜகஸ்தானா? அது எங்க இருக்கு?"

"ஜில்லு அக்கா ஊருக்குப் பக்கத்துல."

"எத்தன மாசம்?"

"பதினெட்டு."

"யாரு கூப்பிட்டாலும் நடுவுல வர மாட்டியா?"

"வர முடியாதும்மா. வாரம் ஒரு நாள் போன் பண்ணலாம்."

அம்மா தட்டில் மீன் முள்ளை ஓரமாகச் சேர்த்து வைத்தார். "நவம்பர்ல கலாஸ் பண்ணிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில் கேட்பது போல இருந்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அதன் பிறகு ஒரு வாரம் அந்தப் பேச்சே இல்லை. காலையில் பால், டப்பாவில் சோறு, "ஏசியை ரொம்பக் கூட்டாத, சளி புடிக்கும்." எல்லாம் சரியாக நடந்தது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் இருவரும் தொடாமல் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

வகுப்பு பிற்பகல் ஒரு மணிக்கு. அம்மாவின் கட்டிலில் சப்பணம் போட்டு, மடிக்கணினியைத் தலையணை மேல் வைத்துப் படித்தேன். வகுப்பில் ஐந்து பேர். மற்ற நால்வரும் வேற்றுமை உருபுகளைக் கண்டு மிரண்டார்கள். ஒரே பெயர்ச்சொல்லுக்கு ஆறு வால்கள் என்று ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஆறாம் வகுப்பில் ஒப்பித்தவளுக்கு அதில் பயம் வரவில்லை. ரஷ்ய மொழியில் உகரமும் இகரமும் கலந்த மாதிரி ஓர் உயிரொலி உண்டு. வெளிநாட்டார் பலருக்கு அது தொண்டையில் சிக்கும். எனக்கு முதல் தடவையே வந்தது. எப்படி என்று ஆசிரியை கேட்டார். பாட்டு, காசு என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் குறுகி நிற்கிற உகரத்தைச் சொல்லிக் காட்டினேன். தமிழாசிரியர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"எனக்கு அம்மா இருக்கிறார்" என்பதைக்கூட அவர்கள் நம்மைப் போலவே சொல்கிறார்கள். என்னிடம், இருக்கிறார், அம்மா. அந்த மொழியில் அம்மாவுக்கு 'மாமா' என்று பெயர். முதல் தடவை கேட்டபோது வகுப்பிலேயே சிரித்துவிட்டேன்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. அந்த வாரப் பாடம், உங்கள் நம்பிக்கையைப் பற்றி ரஷ்யன் தெரிந்த ஒருவரிடம் ஐந்து வாக்கியம் பேசிவிட்டு வாருங்கள் என்பது. இந்த நாட்டில் மதப் பிரச்சாரம் கூடாது. எங்கள் சபையும் அதைக் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தது. ஆசிரியையிடம் சொன்னேன். அவர் பாடத்தை மாற்றினார்.

"அப்படியானால் நீங்கள் பேச வேண்டாம். அங்கே இருக்கும்வரை கேட்பது மட்டும்தான் உங்கள் வீட்டுப்பாடம்."

ஆகவே "நான் நம்புகிறேன்" என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களைச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். ஒரு நாள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ரஷ்யனில் கேட்டது.

"எதை நம்புகிறாய்?"

ஜில்லுவுக்கு அன்று மாலை டூட்டி. உள்ளேயே இருந்திருக்கிறாள். நான் பதறிப்போய், "இது பாடம், வெறும் பாடம்" என்றேன். திரை விலகியது. தலையில் துண்டு கட்டியிருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"நீ செய்தி வாசிப்பவள் மாதிரி பேசுகிறாய்" என்றாள் சிரித்துக்கொண்டே. பிறகு, "நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீயும் ஒன்றும் சொல்லாதே. ஆனால் தினமும் என்னோடு பேசு. இந்த ஊரில் மெனுவைத் தவிர நான் ரஷ்யனில் வேறொன்றும் பேசுவதில்லை" என்றாள்.

அப்படிப் பேச ஆரம்பித்தோம். ரொட்டி, மழை, செருப்பு, ஏரி. அவள் ஊரில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. குளிர்காலத்திலும் உறையாதாம்.

இரண்டாம் வாரம் தைரியம் வந்து ஷார்ஜாவுக்குத் தனியாகப் புறப்பட்டேன். ரோலா பகுதியில் ரஷ்யச் சாமான் விற்கிற கடை ஒன்று இருப்பதாக ஜில்லு சொல்லியிருந்தாள். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரிந்த கடைப் பலகைகளை எல்லாம் ரஷ்யனில் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். ரொம்ப நேரமாகியும் ரோலா வரவில்லை. முன்னால் போய் டிரைவரிடம் கேட்டேன். அவர் பட்டாணியர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யே துபாய் ஜாத்தா ஹை பெஹன். ஷார்ஜா தோ கயா" என்றார். இது துபாய் போகிற பஸ், ஷார்ஜா போயே போய்விட்டது.

துபாயில் யூனியன் மெட்ரோ நிலையத்தின் வாசலில் இறக்கிவிட்டார். கோயம்புத்தூரில் தப்பான பஸ் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் போதும். இங்கே எதிர்ப்பக்கம் போக நான்கு வழிச் சாலையும் ஒரு சுரங்கப்பாதையும் இருந்தன. அங்கே நின்று முழித்துக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் காவலாளியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். காவலாளி அவளுக்கு ஆங்கிலத்தில் இடது பக்கம் என்று பதில் சொன்னான். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். லிஃப்ட் எங்கே என்று ரஷ்யனில் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்த கணத்தில் எனக்கு வியர்த்தது.

"லிஃப்ட் இடது பக்கம்" என்றேன். உருபு தப்பு. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளுவண்டியை மடக்க ஆரம்பித்தாள். லிஃப்ட் வரும்வரை அவள் பேசினாள். வெயிலைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி புரிந்தது. எங்கே படித்தாய் என்றாள். வீட்டில் என்றேன். எதற்கு என்றாள். ஒருவரோடு பேசுவதற்கு என்றேன். குழந்தை என் துப்பட்டாவைக் கடித்து ஈரமாக்கியிருந்தது.

திரும்பி அஜ்மான் வந்து சேர மாலை நாலரை. பஸ் நிலையத்தில் ஏசி போட்ட கண்ணாடி அறைக்கு வெளியே, வெயிலில், பள்ளிச் சீருடையோடு அம்மா நின்றிருந்தார். உள்ளே உட்கார்ந்தால் நான் இறங்குவது தெரியாமல் போய்விடும் என்று வெளியிலேயே நின்றிருக்கிறார். முகம் கறுத்துச் சிவந்திருந்தது.

"எங்கடி பவி போன? ஷார்ஜா போயிட்டு வர்ற நேரமா இது? போன் அடிச்சா எடுக்க மாட்டியா? யாருகிட்ட போய்க் கேப்பேன் நானு?"

போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அவர் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். நான் தலையைக் குனிந்து பின்னால் நடந்தேன். என் வாழ்நாளில் அம்மா என்னைத் தாமதமாக வந்ததற்காகத் திட்டுவது அதுதான் முதல் தடவை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. போனில் யாரும் யாரையும் அப்படித் திட்ட முடியாது. திட்டு முடிந்துவிடக்கூடாது என்று மெதுவாக நடந்தேன்.

அதற்கு நான்கு நாள் கழித்து ஜில்லுவுக்கு விடுமுறை வந்தது. எங்களுக்கு லக்மான் செய்து தருகிறேன் என்றாள். கையால் இழுத்து இழுத்துச் செய்கிற நூடுல்ஸ், கறிக்குழம்போடு. பொதுச் சமையலறையில் மாவைப் பிசைந்து எண்ணெய் தடவி வைத்துவிட்டு, உப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் பேசினாள். திரையில் ஒரு சிறுமி. "மாமா! மாமா!" என்று கத்தியபடி ஏதோ ஒரு நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

கேரட் சீவிக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தப் புள்ளைக்கு மாமன்னா உசுரு போல. நாலு வருஷமா மாமா மாமான்னேதான் கூப்புடுது. அந்த மாமன் ஒரு நாளாச்சும் போன்ல வந்து நான் பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"அம்மா, ரஷ்யன்ல மாமான்னா அம்மா."

அம்மாவின் கை நின்றது. "அப்ப அது?"

"ஜில்லு அக்காவோட பொண்ணு."

"தங்கச்சின்னுல்ல நெனச்சேன். 'மை கேர்ள்'னு சொன்னா. இத்தன வருஷமா..." அம்மா எழுந்து போனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து அந்தச் சிறுமியைப் பார்த்தார். அவள் கை ஆட்டினாள். அம்மாவும் ஆட்டினார். அழைப்பு முடிந்ததும் என்னிடம், "எத்தன வயசுன்னு கேளு" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. நான் இருவருக்கும் நடுவில், கீழே விரித்த பிளாஸ்டிக் பாயில் உட்கார்ந்தேன்.

ஒன்பது வயது. பெயர் ஆய்பெரி. ஜில்லு கிளம்பியபோது ஐந்து. வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய்விட்டார். குழந்தை இருக்கிறது என்றால் வேலை தர மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. குழந்தை ஜில்லுவின் அக்காவோடு இருக்கிறது.

"யாரு தலை பின்னி வுடுறதுன்னு கேளு."

பின்னுவதற்கு ரஷ்யனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. என் பின்னலைப் பிடித்துக் காட்டினேன். ஜில்லு புரிந்துகொண்டாள். "அவளே பின்னிக்கொள்கிறாள். கோணலாக வரும். போனில் நான் சொல்லச் சொல்லச் சரி செய்வாள்." சொல்லிவிட்டு அவள் கேட்டாள். "நீங்கள் வந்தபோது பவிக்கு எத்தனை வயது?"

"ஏழு" என்றார் அம்மா, நான் மொழிபெயர்க்கும் முன்பே. பெயர் காதில் விழுந்ததும் கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவர் என்னைப் பார்க்காமல் ஜில்லுவைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"நான் பொறப்பட்ட அன்னிக்கு இவ தூங்கிக்கிட்டு இருந்தா. எழுப்புனா அழுவா, என்னால கெளம்ப முடியாதுன்னு எழுப்பாமலே வந்துட்டேன். அது தப்புன்னு சொல்லு. எழுப்பியிருக்கணும்."

எனக்கு இது தெரியாது. எழுந்தபோது அம்மா ஊருக்குப் போயிருப்பதாகச் சித்தி சொன்னதுதான் தெரியும். இப்போது இதை ரஷ்யனில் சொல்ல வேண்டும். "நான் தூங்கினேன்" என்பதா, "அவள் தூங்கினாள்" என்பதா என்று தடுமாறி, "அவள் தூங்கினாள்" என்றே சொன்னேன். அது சுலபமாக இருந்தது.

"ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷத்தோட போதும்னு நெனப்பேன். அப்படியே பதினாறு வருஷம் ஆயிருச்சு. இப்ப நான் முடிச்சிட்டுப் போறேன், இவ கெளம்புறா. எனக்கு இவ சாமி மேல கோவம். அதையும் சொல்லு."

'கடவுள்' என்ற சொல்லை 'நம்புகிறேன்' என்பதோடு சேர்த்தே நூறு தடவை சொல்லிப் பழகியிருந்தேன். கோபத்தோடு சேர்த்துச் சொன்னதில்லை. போனில் அகராதியைப் பார்த்தேன். இரண்டாம் வேற்றுமை வந்தது. தப்பில்லாமல் சொன்னேன். ஜில்லு மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"பவி எங்கே போகிறாள்? நிரந்தரமாகவா?"

"நிரந்தரமாவான்னு கேக்குறாங்கம்மா."

"அத நீயே சொல்லு. நான் கேக்க மாட்டேன்."

ஜில்லுவிடம் ரஷ்யனில் சொன்னேன். எனக்குத் தெரிந்ததே சின்னச் சின்ன வாக்கியங்கள். சுற்றி வளைக்க அவற்றில் இடம் கிடையாது. நிரந்தரமாக இல்லை. பதினெட்டு மாதத்தில் வந்துவிடுவேன். அம்மா வேண்டாம் என்று போகவில்லை. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் அம்மா பேசுவார். லைன் கட்டாகிவிடும். நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மீதியாகிவிடும். பெரியவளானதும் ஜெபம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே லைன் கட்டாகவில்லை. மீதியை அங்கே சொன்னேன். அதனால்தான்.

"என்ன சொன்ன? இவ்வளவு நேரம் பேசுன? தமிழ்ல சொல்லு" என்றார் அம்மா.

தமிழில் சொல்வது எத்தனையோ கடினமாக இருந்தது. தமிழில் எனக்கு எல்லாச் சொற்களும் தெரியும், எல்லாமே குரலை உடைக்கிற சொற்களாக இருந்தன. எப்படியோ சொல்லி முடித்தேன். ஜில்லு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எங்களைத் தனியாக விடுவது போல அந்தப் பக்கம் திரும்பி நூடுல்ஸை இழுக்க ஆரம்பித்தாள்.

அம்மா எழுந்து அடுப்பைக் குறைத்தார். திரும்பி வந்து என் முழங்காலில் அவர் முழங்கால் இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்தார்.

"மீதி என்னென்ன இருந்துச்சு? சொல்லு, கேக்குறேன்."

சொன்னேன். மூன்றாம் வகுப்பில் மாறுவேடப் போட்டியில் வாத்தாக நின்றது. சித்தி பையன் என் வாட்டர் பாட்டிலை உடைத்துவிட்டு நான் உடைத்ததாகச் சொன்னது. வயசுக்கு வந்த அன்று யாரிடமும் சொல்லாமல் மாலை வரை பள்ளியிலேயே இருந்தது. அம்மா ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். என்ன நிற பாட்டில்? வாத்துக்கு மூக்கு யார் செய்து கொடுத்தது? லக்மான் வெந்து, ஆறி, நாங்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். கறிக்குழம்பில் வினிகர் வாசம் தூக்கலாக இருந்தது. மூன்று பேரும் இரண்டு தடவை போட்டுக்கொண்டோம்.

அன்றிலிருந்து அம்மா டூட்டி முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு, "ம், அப்புறம்?" என்று கட்டிலில் உட்காருவார். நானும் அவரைக் கேட்டேன். குதைபியா வீட்டில் முதல் ஆறு மாதம் ஒருவரோடும் தமிழ் பேசாமல் இருந்ததையும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தனக்குத்தானே பேசிக்கொண்டதையும் அப்போதுதான் சொன்னார்.

ஜில்லு ஹோட்டலில் லீவு கேட்டாள். செப்டம்பர் முதல் தேதி அவள் ஊரில் பள்ளி திறக்கும் நாள். அன்று சிறுமிகள் தலையில் பெரிய வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு போவார்களாம். மூன்று வருஷமாக அதைப் போனில் பார்த்துவிட்டாள். மேனேஜர் மூன்று நாள் இழுத்தடித்து, கடைசியில் சரி என்றார். அவள் மாடிப்படியில் ஓடி வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்தபோது என்னை மொழிபெயர்க்க யாரும் கூப்பிடவில்லை.

ரிப்பன் வாங்க மூன்று பேரும் போனோம். கடையில் அம்மா ஒவ்வொரு ரிப்பனையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது துவைச்சா மஞ்சளாயிரும்" என்று ஒதுக்கினார். நான் அதை மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் ரிப்பன் பார்த்தார்கள். திரும்பி நடக்கும்போது ஜில்லு முன்னால் போனில் பேசிக்கொண்டு போக, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நவம்பர்ல நான் ஊருக்குப் போயிர்றேன். முடிவு பண்ணது பண்ணதுதான். நீ இல்லேன்னு இன்னும் ரெண்டு வருஷம் இங்க இழுக்க மாட்டேன்."

"தனியா இருப்பியாம்மா?"

"உன்னையப் பதினாறு வருஷம் காக்க வச்சேன். பதினெட்டு மாசம் என்னால இருக்க முடியாதா?"

சிக்னலில் பச்சை விழுந்தது. அம்மா என் கையை விடாமல் சாலையைக் கடந்தார்.

கிளம்பும் நாள் காலை, டாக்ஸியில் ஷார்ஜா விமான நிலையம் வந்தோம். ஜில்லுவுக்கு டூட்டி, விடியும் முன்பே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போயிருந்தாள். இங்கிருந்து கோயம்புத்தூர். அங்கிருந்து பத்து நாளில் பயிற்சி மையம். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, புறப்பாட்டு வாசலுக்கு வெளியே தூண் ஓரமாக நின்றோம். அந்த மாதம் முழுக்க நான் ஜெபம் செய்யும்போதெல்லாம் அம்மா துணி மடிப்பார், இல்லை வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் சத்தமில்லாமல் முடித்துவிடுவேன்.

"ஒங்க ஜெபத்த இங்க பண்ணலாமா?" என்று அம்மா கேட்டார்.

"மெதுவா நம்ம ரெண்டு பேரும்னா பண்ணலாம்மா."

"அப்பப் பண்ணு. தமிழ்ல. எனக்குக் கேக்கணும்."

சொல்லிவிட்டு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். தரை சுட்டிருக்கும். கண்ணை மூடிக் கை கூப்பினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் முழங்கால் வலி சரியாக வேண்டும், அவர் நல்லபடியாக ஊர் போய்ச் சேர வேண்டும், என் மேலும் தம் மேலும் உள்ள அவர் கோபத்தைக் கடவுள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சின்னதாகச் சொல்லி ஆமென் என்றேன். கண்ணைத் திறந்தால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சா? ஜில்லு பேரச் சொல்லவே இல்லியே?"

மறுபடி கண்ணை மூடினேன். இந்தத் தடவை அம்மா, கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டு ஐயரிடம் சொல்வது போல, ஒவ்வொரு பெயராக எடுத்துக் கொடுத்தார். ஜில்லு. அவள் மகள் ஆய்பெரி. சித்தி. வாட்டர் பாட்டிலை உடைத்த சித்தி பையன். இறந்துபோன அப்பா. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் சொன்னேன். கடைசியாக, "பவித்ரா" என்றார். "உத்திர நட்சத்திரம்."

"நட்சத்திரமெல்லாம் வேண்டாம்மா" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

"இருக்கட்டும். எத்தனையோ பவித்ரா இருப்பாளுக. எம் மக யாருன்னு ஒஞ் சாமிக்குச் சரியாத் தெரியணும்ல."

நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.